நிற்கத் தெரிந்த குதிரை

காட்டுப்பாதைச் சவாரிக்குக் குதிரை தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இனத்தைப் பற்றி. அடுத்துக் கேட்பது விலையைப் பற்றி. கட்டிய இடத்தில் அந்தக் குதிரை அரைமணி நேரம் சும்மா நிற்குமா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. காட்டுப்பாதையில் ஒரு முழு நாளைக் கழித்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும். பாதையின் குறுக்கே மரம் விழுந்து கிடக்கும். இறங்கிப் போய் மாற்று வழி பார்த்து வரும்வரை குதிரை நிற்க வேண்டும். கூட வருபவரின் சேணம் ஒரு பக்கமாகச் சரியும்; ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான இடத்தில் அவர் இறங்கி வயிற்று வாரை இறுக்கிக் கட்டும்வரை, வரிசையிலுள்ள எல்லாக் குதிரைகளும் நிற்க வேண்டும். பந்தயத்துக்கோ தாண்டுதலுக்கோ குதிரை வாங்குகிறவர் அது என்ன செய்கிறது என்று பார்த்து வாங்குகிறார். காட்டுப்பாதைக்கு வாங்குகிறவர், ஒன்றும் செய்யத் தேவையில்லாத நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். வாங்கியும் விற்றும் பழகியதில் நான் உறுதியாக நம்புவது இதுதான். கீழே எழுதியிருப்பவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

இந்தக் குணத்தைப் புகைப்படத்தில் காட்ட முடியாது என்பதுதான் சிக்கல். விற்பனை விளம்பரங்களில் கழுத்தை வளைத்துக்கொண்டு பிடரி பறக்க ஓடும் குதிரைகளைத்தான் பார்க்கிறோம். அவற்றோடு வரும் சொற்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை: குழந்தைகூட ஏறலாம், எதற்கும் மிரளாது, நல்ல துடிப்பு, இன்னும் கொஞ்சம் பழக்கினால் போதும். இவற்றில் கடைசிச் சொற்றொடரைக் கண்டால் நான் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவேன். அந்தக் கொஞ்சத்தைப் பழக்குவதுதான் வேலையிலேயே கடினமான பகுதி, அது விற்பவருக்கும் தெரிந்திருக்கும். எல்லாப் படங்களும் வேலிக்குள் எடுக்கப்பட்டிருந்தால், வேலிக்கு வெளியே அந்தக் குதிரை எப்படி இருக்கும் என்பதற்கு விளம்பரத்தில் சாட்சி இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். அதற்கு மாறாக, சேறு படிந்த கால்களோடு, சேணப்பை தொங்க, ஒரு மரத்தடியில் தலையைத் தாழ்த்தி ஒரு பின்காலைத் தளர்த்தி நிற்கும் குதிரையின் மங்கலான படம் ஒன்று இருந்தால், உடனே தொலைபேசியை எடுக்கலாம்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை எளியவை. கடைசியாக எப்போது சவாரி போனீர்கள், யார் ஏறினார்கள், தனியாகப் போனதா, மற்றக் குதிரைகளோடு போனதா, இதுவரை எத்தனை கை மாறியிருக்கிறது, இப்போது ஏன் விற்கிறீர்கள். பதிலைவிடப் பதில் வரும் விதத்தைக் கவனிப்பது என் வழக்கம். குதிரையை நன்கு அறிந்தவர், நாய் குரைத்தால் ஒன்றும் செய்யாது, ஆனால் பின்னாலிருந்து மிதிவண்டி சத்தமில்லாமல் வந்தால் ஒரு தாவு தாவும் என்பது போன்ற குறிப்பான ஒன்றைத் தாமாகவே சொல்வார். எந்தக் குறையும் இல்லை என்று சொல்பவர் ஒன்று குதிரையை ஓட்டிப் பார்க்காதவர், அல்லது என்னை வாங்க வைக்கத் தீர்மானித்துவிட்டவர்.

வயதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் புதிதாக வாங்குகிறவர்களின் பணம் பெரும்பாலும் இங்கேதான் தவறான பக்கம் போகிறது. மூன்று வயதுக் குதிரை பார்க்கப் பெரிதாகவும் பளபளப்பாகவும் இருக்கும்; விலையும் குறைவாகவே இருக்கும். ஆனால் அதன் எலும்புகளின் வளர்ச்சி அப்போது முடிந்திருக்காது. கால்களின் கீழ்ப்பகுதி எலும்புகள் முதலில் முதிர்கின்றன. முதுகெலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடுவதற்கு ஐந்தரை, ஆறு வயதாகிவிடும். ஆளையும் சுமையையும் மணிக்கணக்காகத் தாங்க வேண்டியதோ அந்த முதுகுதான். அமெரிக்காவின் சியரா நெவாடா மலைகளின் குறுக்கே 1955 முதல் நடந்துவரும் டெவிஸ் கப் என்ற ஒருநாள் 100 மைல் சவாரியில் பங்கேற்கக் குதிரைக்குக் குறைந்தது 6 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி இருப்பதற்கு இதுவே காரணம். உடல் முதிர்ந்த பிறகும், உலகத்தைப் பார்த்து முடிக்கச் சில ஆண்டுகள் வேண்டும். பாலத்தின் பலகை ஓசை, காற்றில் படபடக்கும் கூடாரத் துணி, புதரிலிருந்து திடீரென்று எழும் பறவை ஆகியவற்றையெல்லாம் பலமுறை பார்த்து, இவற்றால் தனக்குக் கேடு வரவில்லை என்று ஒரு குதிரை தானாக முடிவுக்கு வர வேண்டும். அதனால் 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட குதிரைகளைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். முதல் குதிரை வாங்குகிறவருக்கு 17 வயதுக் குதிரைகூடப் பொருத்தமானதே. நன்றாகப் பராமரிக்கப்பட்ட குதிரை 25, 30 வயது வரை வாழ்கிறது, மிதமான சவாரியை இருபதைத் தாண்டியும் தாங்குகிறது.

பிறப்புப் பதிவு இல்லாத குதிரையின் வயதைப் பல்லைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். மேல் வரிசை வெட்டுப் பற்களில் ஓரத்துப் பல்லில் செங்குத்தாக ஒரு பள்ளக்கோடு தோன்றும். அது ஈறுக்கு அருகில் சுமார் 10 வயதில் தெரியத் தொடங்கி, 15 வயதில் பல்லின் பாதியையும் 20 வயதில் முழு நீளத்தையும் எட்டி, பின்பு மேலிருந்து மறையத் தொடங்குகிறது. இது தோராயக் கணக்கே. ஐந்து வயது வரை பல் முளைக்கும் முறையைக் கொண்டு ஓரளவு திட்டமாகச் சொல்லிவிடலாம், பத்தைத் தாண்டினால் இரண்டு மூன்று வயது முன்பின் ஆகும். பல்லைப் பார்க்கும்போது முன்பற்களின் விளிம்பு அளவுக்கு மீறித் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். கட்டையைக் கவ்விக்கொண்டு காற்றை உறிஞ்சும் பழக்கமுள்ள குதிரையை அந்தத் தேய்மானம் காட்டிக்கொடுத்துவிடும். சுழி பார்த்துக் குணம் சொல்லும் வழக்கம் பல நாட்டுக் குதிரைக்காரர்களிடமும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை. சுழி பார்க்கிற நேரத்தில் குளம்பைப் பார்க்கலாம் என்பது மட்டுமே என் கருத்து.

இனத்தைப் பற்றிய கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லியாக வேண்டும். குவார்ட்டர் குதிரைக்கு அமைதி என்ற பெயரும், அரபுக் குதிரைக்கு நெடுந்தூரம் தாங்கும் என்ற பெயரும் காரணமின்றி வந்தவை அல்ல. துள்ளுநடையில் முதுகு வலிப்பவர்கள், தாலாட்டுவது போன்ற நடையுள்ள இனங்களை, அதாவது டென்னசி வாக்கிங், மிசௌரி ஃபாக்ஸ் டிராட்டர், பாஸோ ஃபீனோ, ஐஸ்லாந்துக் குதிரை போன்றவற்றை விரும்புகிறார்கள். இந்த மென்னடைக்கும் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதை 2012இல் கண்டறிந்தார்கள். ஆகவே அது பழக்கத்தால் மட்டும் வருவதல்ல. ஆயினும் ஒரே இனத்தில் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு குதிரைகளுக்கு இடையே இருக்கக்கூடிய குண வேற்றுமை, இரண்டு இனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது. பெண் குதிரையா காயடித்த ஆணா என்ற விவாதமும் அப்படித்தான். காயடிக்காத ஆண் குதிரையைக் குழுவாகச் செல்லும் காட்டுப்பாதைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

உடலில் குளம்பே முதலில். குளம்பின் சுவரில் கிடைமட்டமாக ஓடும் வளையங்கள் முன்புறம் நெருங்கியும் குதிகாலை நோக்கி அகன்றும் இருந்தால், குளம்பழற்சி, அதாவது குளம்புக்குள் உள்ள திசு வீங்கி வலிக்கும் நோய், வந்து போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். குளம்பு மேலிருந்து கீழ்வரை முழுதாக வளர்ந்து மாற ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகிறது என்பதால், கடந்த ஓராண்டில் அந்தக் குதிரைக்கு நேர்ந்தவற்றின் தடயம் அந்தச் சுவரில் இருக்கும். அடுத்தது முதுகு. பிடரி முடியும் இடத்திலுள்ள மேட்டிலோ அதன் இருபுறங்களிலோ திட்டுத் திட்டாக வெள்ளை மயிர் முளைத்திருந்தால், பொருந்தாத சேணத்தால் அங்கே எப்போதோ புண்ணோ அழுத்தமோ ஏற்பட்டிருக்கிறது. அந்த மேடு அறவே இல்லாத உருண்டை முதுகும் தொல்லையே. மலை இறக்கத்தில் சேணம் கழுத்துக்கு நகர்ந்துவிடும். சுமையைப் பொறுத்தவரை, குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. ஆள், சேணம், தண்ணீர், மழையுடை எல்லாம் சேர்ந்ததே அந்தத் தொண்ணூறு என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

குதிரையைப் பார்க்கப் போகும்போது, அதை மேய்ச்சல் வெளியிலேயே விட்டு வைக்கும்படி முன்கூட்டிக் கேட்டுக்கொள்வேன். தலைக்கயிற்றோடு ஒருவர் நெருங்கும்போது அது தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, பின்புறத்தைத் திருப்பிக்கொண்டு நகர்கிறதா என்பதில் தொடங்கி, பிடிப்பது, கட்டுவது, சீவுவது, குளம்பு சுத்தம் செய்வது, சேணம் பூட்டுவது எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் போய்ச் சேர்ந்தபோது குதிரை ஏற்கெனவே லாயத்தில் கட்டப்பட்டிருந்தது. மிக அமைதியாக இருந்தது. ஆனால் முதுகில் சேணம் அமரும் இடத்தில் மட்டும் மயிர் ஈரமாகப் படிந்திருந்தது. அந்த ஈரத்தின் விளிம்பில், காய்ந்துகொண்டிருந்த வியர்வையின் உப்பு வெண்மையாகக் கோடிட்டிருந்தது. காலையில் குளிப்பாட்டினோம் என்றார் விற்பவர். குளிப்பாட்டினால் கழுத்தும் கால்களும் அல்லவா நனைந்திருக்க வேண்டும்? நாளை, ஒரு நாள் ஓய்வு கொடுத்த பிறகு வந்து பார்க்கிறேன் என்றேன். நாளைக்குள் விற்றுவிடும் என்றார், விற்றிருக்கவும் கூடும். ஓட்டிக் களைக்க வைப்பது இப்படிக் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. மருந்து அப்படித் தெரியாது. இமை பாதி மூடி, தலை தொங்கி, ஈ அமர்ந்தாலும் தோலைச் சிலிர்க்காமல் இருக்கும் குதிரையை அமைதியானது என்று எண்ணிவிடக் கூடாது. மயக்கத்துக்கு அருகில் வைக்கும் மருந்துகளும், நொண்டலை நாள்கணக்கில் மறைக்கும் ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிநீக்கிகளும் இந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை.

வயிற்று வாரை இறுக்கும்போது குதிரையின் முகத்தைப் பார்க்க வேண்டும். காதைப் பின்னுக்கு மடக்கிக் காற்றைக் கடிக்கும் குதிரைக்கு வயிற்றுப்புண் இருக்கலாம், முதுகுவலி இருக்கலாம், பழைய கசப்பு இருக்கலாம். எதுவாயினும் காரணம் தெரிந்தாக வேண்டும். முதலில் ஏற வேண்டியவர் விற்பவர், அல்லது அவர் சார்பில் ஒருவர். தமக்குக் கால் வலி என்றோ ஓட்டுகிறவர் இன்று வரவில்லை என்றோ சொன்னால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவது நல்லது. அவர் ஏறி, நடத்தி, நிறுத்தி, இறங்கிய பிறகே நான் ஏறுவேன், அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும். வழக்கமாக இடப்புறத்திலிருந்துதான் ஏறுகிறோம். ஆனால் பள்ளம் இடப்புறமாக இருக்கும் ஒற்றையடிப் பாதையில், வலப்புற மேட்டில் காலை வைத்துத்தான் ஏற முடியும். அங்கே போய் இதைக் கற்பிக்கத் தொடங்க முடியாது.

வேலிக்குள் நடக்கும் சோதனை இத்தோடு முடிகிறது. உண்மையான சோதனைக்குப் பாதைக்குப் போக வேண்டும், இதற்கு இணங்காத விற்பவரிடம் நான் வாங்குவதில்லை. முதலில் மற்றக் குதிரைகளின் பார்வையிலிருந்து தனியாக வெளியே செல்ல வேண்டும். போகும்போது அடம்பிடிப்பதைவிட, திரும்பும்போது அவசரப்படுவதே அதிகம் வெளிப்படுத்தும். லாயம் கண்ணில் படும் தூரத்துக்கு வந்ததும் குதிரையைத் திருப்பி, வந்த வழியே மறுபடி சிறிது தூரம் போகச் சொல்வேன். முணுமுணுத்துக்கொண்டாவது திரும்பினால் சரி. நின்ற இடத்தில் சுழன்று முன்கால்களைத் தூக்கினால், அந்தக் குதிரையைத் திருத்த நேரமும் திறமையும் உள்ள வேறொருவர் வாங்கட்டும். பிறகு துணைக் குதிரைகளோடு ஒரு சுற்று: முன்னால், நடுவில், கடைசியில். கடைசியில் வரும்போது மற்றவர்களை வளைவைத் தாண்டி மறையச் சொல்லி, நம் குதிரையை ஒரு நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். கூட்டத்தை விட்டுப் பிரிவது குதிரையின் இயல்புக்கே மாறானது. கழுத்து விறைக்கும், ஒரு கனைப்பு வரும். அதற்கு மேல் போகாமல் ஆளின் சொல்லுக்குக் காத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மிரளாத குதிரை என்று ஒன்று கிடையாது. மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகளைத் தவிர ஏறக்குறைய 350 பாகை சுற்றளவைப் பார்க்கும் கண்களை இயற்கை அதற்குக் கொடுத்திருப்பதே, எதையாவது கண்டு ஓடுவதற்காகத்தான். மிரண்ட பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் குதிரைக்குக் குதிரை வேறுபாடு. நான்கு காலையும் ஊன்றி நின்ற இடத்திலேயே அதிர்ந்து, பார்த்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கும் குதிரையை நம்பி மலைக்குப் போகலாம். பாதியாகத் திரும்பி ஓடிய பிறகு யோசிக்கும் குதிரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், குறுகிய பாதைக்கு உதவாது.

நான் பல ஆண்டுகள் ஓட்டிய பெண் குதிரையை ஓர் ஓடைக்கரையில் வைத்துத்தான் வாங்கத் தீர்மானித்தேன். பார்வைக்கு அப்படியொன்றும் எடுப்பானது அல்ல. தலை சற்றுப் பெரிது, நிறம் தூசி படிந்த பழுப்பு. உருளைக்கற்கள் நிறைந்த, முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் அந்த ஓடையின் முன் வந்ததும் தானே நின்றது. கடிவாள வாரைத் தளர்த்தினேன். மூக்கு தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தி ஒருமுறை உறுமி மூச்சு விட்டது. ஒரு முன்காலை இரண்டு கற்களுக்கு இடையே வைத்து, எடையைப் போடாமல் அழுத்திப் பார்த்து, அந்த இடம் பிடிக்காமல் காலை எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்து, இப்போது முழு எடையையும் ஊன்றி, அடுத்த காலைத் தேடியது. அக்கரை சேரும்வரை ஒரு காலைக்கூட அவசரமாக வைக்கவில்லை. நான் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை. நடு ஓடையில் நின்று தண்ணீரைக் காலால் அடிக்கும் குதிரையைக் கண்டு விளையாடுகிறது என்று மகிழ்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலும் அது படுத்துப் புரளப் போகிறது, உடனே முன்னே செலுத்திவிடுங்கள்.

எல்லாம் பிடித்துப்போன பிறகுதான் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் விற்பவரின் வழக்கமான மருத்துவராக இருக்கக் கூடாது. ஓய்வு நிலையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு. ஓட்டிய பிறகு அது எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பது அதைவிட முக்கியம். நெடுந்தூரப் போட்டிகளில் இடைநிலைச் சோதனையில் 64க்குள் இறங்கினால்தான் மேலே விடுவது பரவலான நடைமுறை. ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்துவிட்டு உடனே துள்ளுநடையில் ஓட்டிப் பார்த்து, மூட்டு வலியைக் கண்டுபிடிப்பார். இருட்டறையில் கண்ணைப் பார்ப்பதை வற்புறுத்திக் கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் கண்ணழற்சி குதிரைகளின் பார்வையைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களில் ஒன்று, மாலை மங்கும் நேரத்தில் காட்டில் அதன் விலை நமக்குத் தெரிய வரும். இரத்தம் எடுத்துப் பாதுகாத்து வைத்தால், பின்னால் குதிரையின் குணமோ நடையோ திடீரென்று மாறும்போது, அன்று மருந்து கொடுக்கப்பட்டிருந்ததா என்று சோதிக்க வழி இருக்கும். குதிரைத் தொற்று இரத்தசோகைக்கான காகின்ஸ் பரிசோதனைச் சான்று 1970களிலிருந்து பல இடங்களில் விற்பனைக்கும் பயணத்துக்கும் கேட்கப்படுகிறது. கடிக்கும் ஈக்களால் பரவும் அந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை, வந்த குதிரை ஆயுள் முழுதும் நோயைச் சுமக்கும் என்பதால், இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

மருத்துவர் தேர்ச்சி, தோல்வி என்று சொல்ல மாட்டார். பதினான்கு வயதுக் குதிரையின் எக்ஸ்ரே படத்தில் ஏதாவது ஒரு மூட்டில் தேய்மானம் தெரியாமல் இருந்தால்தான் வியப்பு. வாரத்துக்கு இரண்டு நாள், மிதமான வேகத்தில், மலையேற்றத்துக்கு இது தாங்குமா என்று நம் பயன்பாட்டைக் குறிப்பாகச் சொல்லிக் கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும். இதையெல்லாம் தாண்டி, குதிரைகளை ஏற்றிச்செல்லும் டிரெய்லர் வண்டியில் குதிரை ஏறுவதை நேரில் பார்த்துவிட வேண்டும். ஏறாத குதிரையை வாங்கினால், வீட்டைச் சுற்றியுள்ள பாதைகள் மட்டுமே நம்முடையவை.

விற்பவரின் பக்கமும் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்: குறையை மறைத்து விற்றவருக்கு அந்தக் குதிரை பெரும்பாலும் திரும்பி வருகிறது, அல்லது அதன் கதை திரும்பி வருகிறது. குதிரை உலகம் சிறியது. நான் விற்கும்போது, பிடிப்பதிலிருந்து சேணம் அவிழ்ப்பது வரை வெட்டாமல் எடுத்த ஒரு காணொளியை முதலில் அனுப்பிவிடுவேன். அதில் குதிரை ஒருமுறை தலையை உதறினாலும் அது அப்படியே இருக்கும். லாடம் அடித்த தேதிகள், தடுப்பூசிகள், பல் அராவியது, வயிற்றுவலி வந்தது, எல்லாம் ஒரே தாளில். குறைகளும் அதே தாளில். மிதிவண்டிக்கு மிரளும் என்று எழுதியதால் விலகிப் போனவர்கள் உண்டு. அவர்கள் மிதிவண்டிகள் ஓடும் பாதையில் சவாரி செய்பவர்கள். விலகிப் போனதே எல்லோருக்கும் நல்லது. எஞ்சியவர்கள் அந்தத் தாளைப் பார்த்த பிறகு பேரம் பேசுவது குறைந்துவிடுகிறது என்பது என் அனுபவம். விலையைப் பொறுத்தவரை, சந்தை இந்த விஷயத்தில் ஓரளவு நியாயமானதே: வம்சப் பத்திரமுள்ள பழகாத இளங்குதிரையைவிட, பத்திரமே இல்லாத, எங்கும் தனியாகப் போய்வரும் பன்னிரண்டு வயதுக் குதிரைக்கு அதிகம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். யாரோ பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் ஓட்டிப் பழக்கியதற்கான கூலி அந்த விலைக்குள் இருக்கிறது.

வாங்க வருபவரையும் சோதிக்க வேண்டும். அவருடைய எடை, குதிரையை எங்கே வைத்துக்கொள்வார், வேறு குதிரைத் துணை உண்டா, யார் யார் ஏறுவார்கள் என்பதையெல்லாம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சவாரி தெரியும் என்று வருகிறவர் குதிரையின் பக்கத்தில் நிற்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். மீதி, கடிவாள வாரை அவர் கையில் எடுக்கும்போது தெரியும். துடிப்பான குதிரையை விரும்பும் புதியவருக்கு அதை விற்க மறுப்பது எளிதல்ல, குறிப்பாகப் பணத்தைக் கையோடு கொண்டு வந்திருப்பவரிடம். ஆனாலும் மறுக்கலாம், மறுத்திருக்கிறேன்.

வயதான குதிரையை விற்பது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த குதிரையை, இருபத்திரண்டு வயதில் கால் தளர்ந்ததும் மலிவாக விளம்பரம் செய்கிறவர்கள், அது நல்ல இடத்துக்குப் போகும் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மலிவான குதிரைகள் ஏலத்துக்கும், அங்கிருந்து இறைச்சிக்கு வாங்குகிறவர்களுக்கும் போகின்றன. அமெரிக்காவில் இறைச்சிக்காகக் குதிரை வெட்டும் கடைசிக் கூடங்கள் 2007இல் மூடப்பட்ட பிறகும், குதிரைகள் லாரிகளில் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் ஏற்றப்பட்டன. வைத்துக்கொள்ள வழியில்லாவிட்டால், உடைமையைக் கைவிடாமல், எடை குறைந்த ஒருவருக்கோ கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கோ ஒப்பந்தத்தின் பேரில் இலவசமாக விடலாம். நினைத்தபோது போய்ப் பார்க்கும் உரிமையையும் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமையையும் அதில் எழுதிக்கொள்ளலாம்.

எழுத்து என்றதும், விற்பனைக்கும் இதையே சொல்ல வேண்டும். நண்பர்களுக்கு இடையிலானாலும் ஒப்பந்தம் தாளில் இருக்க வேண்டும். குதிரையின் அடையாளங்கள், தோலுக்கடியில் பொருத்திய அடையாளச் சிப்பின் எண், சொல்லப்பட்ட குறைகள், முன்பணம் எப்போது திரும்பும், மருத்துவச் செலவு யாருடையது, டிரெய்லரில் ஏறிய கணத்திலிருந்து பொறுப்பு யாருடையது, சோதனைக் காலம் உண்டென்றால் அப்போது குதிரைக்குக் காயம்பட்டால் யார் பொறுப்பு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். மீண்டும் விற்க நேர்ந்தால் முதலில் என்னிடம் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியை நான் எப்போதும் சேர்ப்பேன். நீதிமன்றத்தில் அது எவ்வளவு நிற்குமோ தெரியாது, கையெழுத்திட்டவருக்கு நினைவில் நிற்கிறது.

விற்ற குதிரையைப் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை முதல் மாதத்திலேயே வருகின்றன. அவற்றில் கணிசமானவை குதிரையின் குற்றமும் அல்ல, விற்பவரின் குற்றமும் அல்ல. தெரிந்த மேய்ச்சல் வெளியையும் தெரிந்த துணையையும் ஒரே நாளில் இழந்து, புது மந்தையில் தன் இடம் எது என்று தெரியாமல் நிற்கும் குதிரை, தன் பழைய ஒழுங்கில் பாதியை மறந்தது போலத்தான் நடந்துகொள்ளும். வாங்கிய மறுநாளே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவது அதனிடம் நியாயமற்ற எதிர்பார்ப்பு. முதல் வாரம் கையில் பிடித்து நடத்திப் பழகுவது, அடுத்து அருகிலுள்ள பாதையில் நிதானமான ஒரு துணைக் குதிரையோடு சிறு சுற்றுகள், பிறகு தனியாக என்று போனால், பாதையில் சோதித்துப் பார்த்த அந்தக் குதிரை மெல்லத் திரும்பி வரும். தீனியையும் சடுதியில் மாற்றக் கூடாது. குடலிலுள்ள நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக ஒரு வாரம் முதல் பத்து நாள் வேண்டும், அவசரப்பட்டால் வயிற்றுவலியில் முடியும். அதனால் விற்கும்போது குதிரையோடு அது தின்றுவந்த வைக்கோலில் சில கட்டுகளையும், பழகிய கடிவாளத்தையும், சேணம் பொருந்துமானால் சேணத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன். வாங்கும்போது இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், தனியாகப் பணம் கேட்டாலும்.